ஒரே செங்கல், பன்னிரண்டு கூலி!

பெரம்பூரில் ரயில்வேயின் மதில்கள் நெடியவை. அந்த மதிலுக்கு உள்ளே ஒப்பந்தக்காரர் ஒருவர் கொட்டகைக்குச் சுவர் எழுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதிலுக்கு வெளியே, கூப்பிடு தூரத்தில், வேறொருவர் மாடி வீட்டுக்குச் சுவர் எழுப்புகிறார். இங்கும் அதே செங்கல்தான், அதே சிமெண்டுதான். தலைக்கு மேலே காய்வதும் ஒரே சூரியன்தான். கரண்டி பிடிக்கும் கையிலே வேறுபாடு உண்டா? இல்லை. சட்டி சுமக்கும் தலையிலே வேறுபாடு உண்டா? அதுவும் இல்லை. ஆனால் கூலி மட்டும் வேறு! உள்ளே இருப்பவனுக்கு டில்லி எழுதிய பட்டியல். வெளியே இருப்பவனுக்குச் சென்னைக் கோட்டை எழுதிய பட்டியல். இந்த இரண்டு பட்டியலையும் கண்ணால் கண்டறியாத மூன்றாமவன் ஒருவன் இருக்கிறான். அவனுக்கு மேஸ்திரி வாயில் வந்ததே பட்டியல்!

இது எப்படி நேர்ந்தது? ரயில்வேயும் பெரிய துறைமுகங்களும் மத்திய அரசின் வரம்புக்குள் வருபவை. அங்கே நடக்கும் கட்டிட வேலைக்குக் குறைந்தபட்சக் கூலியை மத்திய அரசு வகுக்கிறது. மற்ற இடங்களில் நடக்கும் வேலைக்கு மாநில அரசு வகுக்கிறது. வடசென்னையின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். எண்ணூரிலே காமராஜர் துறைமுகம் பெரிய துறைமுகம், டில்லியின் வரம்பு. அதையொட்டி நிற்கிறது தனியார் நடத்தும் காட்டுப்பள்ளித் துறைமுகம். அது மாநிலத்தின் வரம்பு. ஒரே கடல், ஒரே மணல், ஒரே உப்புக் காற்று. கூலிக்கு மட்டும் இரண்டு எசமானர்கள்! மத்தியப் பட்டியலிலே அகவிலைப்படி ஏப்ரலிலும் அக்டோபரிலுமாக ஆண்டுக்கு இருமுறை திருத்தப்பட்டு வந்தது. மாநிலப் பட்டியலிலே ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரலில் திருத்துவது வழக்கம். அரிசிக் கடைக்காரன் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் விலையை ஏற்றி விடுகிறான்!

ஊருக்கு என்ன விலை? வித்தைக்கு என்ன விலை?

மத்தியப் பட்டியலைச் சற்று ஊன்றிப் படிப்போம். 2017 ஜனவரியிலே வந்த அறிவிக்கை அது. நாட்டை அ, ஆ, இ என மூன்று மண்டலமாகப் பிரித்தார்கள். சென்னை போன்ற பெருநகரம் முதல் மண்டலம். சிற்றூர்களெல்லாம் மூன்றாம் மண்டலம். தொழிலாளியை நான்கு படியாகப் பிரித்தார்கள்: திறன் பெறாதவர், ஓரளவு திறன் பெற்றவர், திறனாளர், உயர் திறனாளர். மூன்றை நான்கால் பெருக்கினால் பன்னிரண்டு கட்டங்கள். ஒரு கட்டிடத் தொழிலாளியின் வாழ்வு அந்தப் பன்னிரண்டு கட்டத்துக்குள் அடங்கிவிட்டது.

சென்னை மண்டலத்திலே திறன் பெறாதவருக்கு நாளொன்றுக்கு 523 ரூபாய். அதே சென்னையிலே உயர் திறனாளருக்கு 693 ரூபாய். வித்தியாசம் 170 ரூபாய். மூன்றாம் மண்டலத்திலே திறன் பெறாதவருக்கு 350 ரூபாய். சென்னையின் 523 ரூபாயோடு ஒப்பிட்டால் வித்தியாசம் 173 ரூபாய். இதன் பொருள் என்ன? ஆயுள் முழுதும் வெயிலில் நின்று, விரல் தேய்ந்து, முதுகு வளைந்து கற்ற வித்தை முழுவதற்கும் சேர்த்து சர்க்கார் போட்ட விலை 170. நகர எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றதற்குப் போட்ட விலை 173! வித்தையைவிட விலாசம் உயர்ந்து நிற்கிறது, தோழர்களே!

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். மூன்றாம் மண்டலத்தின் உயர் திறனாளருக்கு 579 ரூபாய். சென்னையிலே ஓரளவு திறன் பெற்ற கையாளுக்கும் அதே 579 ரூபாய். சிற்றூரிலே தூண் நிறுத்தி, வளைவு கட்டி, கோபுரம் எழுப்பும் கை தேர்ந்தவனும், நகரத்திலே அவனுக்குக் கம்பி எடுத்துக் கொடுப்பவனும் பட்டியலில் சமம்! இது சமதர்மம் அல்ல. கணக்கிலே நேர்ந்த கோணல்.

ஊருக்கு ஊர் கூலி மாறவே கூடாது என்று நாம் வாதாடவில்லை. பெரம்பூரிலே ஒரு சிறு அறைக்குக் கொடுக்கும் வாடகையையும் சிற்றூரிலே குடிசைக்கு ஆகும் செலவையும் ஒரே தட்டில் வைக்க முடியுமா? முடியாது. நகரத்திலே குடக்கூலி உண்டு, பஸ் செலவு உண்டு, தண்ணீருக்கும் காசு உண்டு. ஆகவே நகரத்துக்கு மேலே கொஞ்சம் சேர்த்துக் கொடுப்பது நியாயம். நாம் கேட்பதெல்லாம், எதற்கு மேலே சேர்க்கிறீர்கள் என்பதுதான். அடித்தளம் ஒன்று வேண்டாமா? அஸ்திவாரம் போடாமல் மாடி கட்டும் கொத்தனார் எந்த ஊரில் இருக்கிறான்?

அடித்தளம் என்ன என்பதும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதல்ல. 1957-இல் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு அதை வகுத்துத் தந்தது. அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒப்பிய கணக்கு அது. ஒரு தொழிலாளியின் குடும்பத்துக்கு மூன்று பேர் சாப்பாட்டுக் கணக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வாடகை, விறகு, விளக்கு, இதர செலவுக்கு மொத்தக் கூலியில் 20 சதவீதம். இந்தச் சென்னை மாநகரின் தொழிலாளர் வழக்கு ஒன்றிலேதான், ரெப்டகோஸ் பிரெட் வழக்கிலே, 1991-இல் உச்ச நீதிமன்றம் மேலும் ஒன்றைச் சேர்த்தது. பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், முதுமை, திருமணம் முதலியவற்றுக்காக இன்னும் 25 சதவீதம் என்றது. இந்தக் கணக்கிலே அரிசிக்கும் துணிக்கும் மருந்துக்கும் மண்டலம் உண்டா? மூன்றாம் மண்டலத்துக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரை மூன்றில் ஒரு பங்கு விலை குறைத்தா கொடுக்கிறார்கள்?

2024 அக்டோபர் 1 முதல் முதல் மண்டலத்துக் கட்டிட வேலைக்கு மத்தியப் பட்டியல் 783 ரூபாயில் தொடங்கி 1,035 ரூபாய் வரை ஏறியது. திறன் பெறாதவருக்கு மாதம் 20,358 ரூபாய் என்று அறிவித்தார்கள். பரவாயில்லையே என்று தோன்றும். 20,358-ஐ 783-ஆல் வகுத்துப் பாருங்கள். 26 நாள் வருகிறது. எந்தக் கட்டிடத் தொழிலாளிக்கு, ஐயா, மாதம் 26 நாள் வேலை? ஐப்பசி, கார்த்திகை மழையில் சாரம் நனைந்து நிற்கும்போது யார் கூப்பிடுகிறார்கள்? மணல் வரவில்லை, சிமெண்டு வரவில்லை, எசமானுக்குப் பணம் வரவில்லை என்று நின்று போகும் நாட்களுக்கு யார் படியளக்கிறார்கள்? 15 நாள் வேலை கிடைத்தால் கைக்கு வருவது 11,745 ரூபாய். ஆனால் வயிறு மாதத்தில் 30 நாளும் வேலை செய்கிறது!

ஏணி யாருக்கு? சட்டி யாருக்கு?

அனுபவத்துக்குக் கூலி என்கிறார்கள். நல்லது. அந்த அனுபவம் எப்படி அளக்கப்படுகிறது என்று பார்ப்போம்.

முதலில் பெரியாள். மண் வெட்டுவான், கலவை போடுவான், செங்கல் ஏற்றுவான். கொத்தனாருக்குப் பக்கத்திலே நின்று பார்த்துப் பார்த்து, ஒய்வு நேரத்திலே கரண்டியைத் தொட்டுத் தொட்டு, சில ஆண்டுகளில் அரைக் கொத்தனார் ஆவான். தூக்குகுண்டும் ரசமட்டமும் கைக்குப் பழகினால் முழுக் கொத்தனார். பத்துப் பேரைக் கட்டி மேய்க்கத் தெரிந்தால் மேஸ்திரி. இது ஏணி. எழுத்துப் பரீட்சை இல்லை, சான்றிதழ் இல்லை. மேஸ்திரியின் கண்ணே பரீட்சை. அவர் வாயே சான்றிதழ். ஆகவே ஒரு சைட்டிலே முழுக் கொத்தனாராக இருந்தவன் அடுத்த சைட்டுக்குப் போனால், "நீ அரைக் கொத்தனார்தானே" என்று கூலியை வெட்டிவிடலாம். பத்தாண்டு அனுபவம் ஒரே காலையில் பறந்துவிடும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிற வேலைக்காரனுக்கு இது இன்னும் எளிதாக நடக்கிறது. ஊரிலே அவன் கைதேர்ந்த கொத்தனாக இருக்கலாம். இங்கே மொழி தெரியாத ஒரே காரணத்தால் அவன் கையாள்!

இந்த ஏணியாவது எல்லாருக்கும் உண்டா? சித்தாளைக் கேளுங்கள்! இருபது வயதிலே தலையில் சும்மாடு கட்டிச் சட்டி தூக்கினாள். நாற்பது வயதிலும் அதே சும்மாடு, அதே சட்டி. அவள் கண்ணெதிரே வந்த பையன் பெரியாளாகி, கொத்தனாராகி, மேஸ்திரியாகி, இன்று அவளுக்கே கூலி எண்ணிக் கொடுக்கிறான். கலவைப் பதம் அவளுக்குத் தெரியாதா? பூச்சு எங்கே உதிரும் என்று தெரியாதா? தெரியும். கரண்டியை மட்டும் கொடுக்க மாட்டார்கள். "சம வேலைக்குச் சம ஊதியம்" என்று 1976-இல் சட்டம் வந்தது. உடனே தந்திரம் கண்டார்கள்: சம ஊதியம் கொடுக்காமலிருக்கச் சம வேலையையே கொடுக்காதே! ஆண் செய்வதற்கு ஒரு பெயர், பெண் செய்வதற்கு இன்னொரு பெயர். பெயர் மாறினால் கூலி மாறும். சட்டம் கைகட்டி நிற்கும்.

பெண்ணால் கொத்து வேலை முடியாது என்கிறார்களா? பக்கத்துக் கேரளத்திலே குடும்பஸ்ரீ இயக்கத்துப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து பயிற்சி பெற்று வீடே கட்டி முடித்துச் சாவி கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் கட்டிய சுவர் சாய்ந்தா போயிற்று? சாயவில்லை. ஆகவே இங்கே சாய்ந்திருப்பது நீதிதான்.

கேரளத்தைச் சொன்னதால் இன்னொரு கணக்கும் நினைவுக்கு வருகிறது. கிராமப்புறக் கட்டிடத் தொழிலாளியின் சராசரி நாட்கூலியை மாநில வாரியாக ரிசர்வ் வங்கி வெளியிட்டது. 2022–23-இல் கேரளத்திலே ஏறத்தாழ 852 ரூபாய். தமிழ்நாட்டிலே ஏறத்தாழ 500. நாட்டின் சராசரி 393. மத்தியப் பிரதேசத்திலே 278. கேரளத்திலே பெறுவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு! அங்கிருந்து ஏன் ரயிலேறுகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இந்த நான்கு எண்களே விடை. இங்கே ஒரு நாள் கூலி, அங்கே ஏறத்தாழ இரண்டு நாள் கூலி. "வடக்கேயிருந்து வந்து நம் பிழைப்பைக் கெடுக்கிறான்" என்று சிலர் பெரம்பூர் டீக்கடைகளிலே பொருமுகிறார்கள். தோழர்களே, பொருமல் தவறான திசையிலே போகிறது. அவன் குறைவாகக் கேட்பதால் உங்கள் கூலி குறையவில்லை; அவனுக்குக் குறைவாகக் கொடுக்க ஒருவரால் முடிகிறது என்பதால் குறைகிறது. இருவருக்கும் ஒரே கூலி என்று உறுதியானால், அவனைக் காட்டி உங்களை மிரட்ட யாரால் முடியும்?

"அவன் குடும்பம் மலிவான ஊரிலே இருக்கிறது, அவனுக்கு இது போதும்" என்கிறார்கள் சில ஒப்பந்தக்காரர்கள். அப்படியானால் எசமானே, நீங்கள் விற்கும் அடுக்குமாடிக்கு எந்த ஊர் விலை வைக்கிறீர்கள்? கட்டியவன் ஊரின் விலையா, பெரம்பூரின் விலையா? விற்கும்போது பெரம்பூர், கூலி கொடுக்கும்போது பீகார்! இது என்ன புவியியல்?

இந்த உழைப்பு வெறும் வியர்வையோடு முடிவதும் அல்ல. 2014 ஜூன் 28-இல் மௌலிவாக்கத்திலே 11 மாடிக் கட்டிடம் சரிந்தபோது 61 உயிர்கள் மண்ணுக்குள் போயின. 2025 செப்டம்பர் 30-இல் நம் எண்ணூரிலே, அனல் மின் நிலையக் கட்டுமானத்திலே, சாரம் சரிந்து 9 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் அசாமிலிருந்து வந்தவர்கள். சாவு வந்தபோது எந்த மண்டலம், எத்தனை ஆண்டு அனுபவம் என்று அது கேட்கவில்லை.

சாமி வரம் கொடுத்தாலும்…

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். சட்டத்துக்குக் குறைவில்லை. 1948-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம். 1979-இல் மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளருக்கான சட்டம். ஒரே வகை வேலைக்கு உள்ளூர்க்காரருக்குக் கொடுக்கும் கூலியை வந்தவருக்கும் கொடு என்றது அது. தமிழ்நாட்டிலே 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம். அதன் கீழ் 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம். பல மாநிலங்களுக்கு முன்னோடியாக நடந்தது நம் தமிழகம். அதிலே நமக்குப் பெருமை உண்டு. பிள்ளை படிப்புக்கு உதவி, விபத்துக்கு நிவாரணம், முதுமைக்கு ஓய்வூதியம் என்று வாரியம் செய்வது சிறிதல்ல. ஆனால் வாரியம் வருவது விழுந்த பிறகு. கூலி வர வேண்டியது ஒவ்வொரு மாலையும்.

1982-இல் டில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானம் பற்றிய வழக்கிலே உச்ச நீதிமன்றம் ஒரு பெருந்தீர்ப்பை அளித்தது. அங்கே நாட்கூலி 9 ரூபாய் 25 காசு. அதிலே ஆள் பிடித்து வந்த ஜமேதார் ஒரு ரூபாயைத் தன் பங்காகப் பிடித்துக்கொண்டான். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு தடை செய்த கட்டாய உழைப்பே என்று நீதிமன்றம் கூறிற்று. அந்த ஒரு ரூபாய் இன்று ஒழிந்ததா? பெயர் மாறியிருக்கிறது; கமிஷன் என்கிறார்கள், அட்வான்ஸ் கழிவு என்கிறார்கள், சாப்பாட்டுப் பிடித்தம் என்கிறார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்ற பழமொழி இவர்களுக்காகவே பிறந்தது போலும்!

இப்போது பழைய சட்டங்கள் போய்ப் புதிய தொகுப்புகள் வந்துவிட்டன. 2019-இல் நிறைவேறிய ஊதியத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்தது. நாடு முழுதுக்கும் தரைக்கூலி ஒன்று என்கிறது அது. கேட்க இனிக்கிறது. ஆனால் அடுத்த வரியிலேயே, வெவ்வேறு நிலப்பகுதிக்கு வெவ்வேறு தரைக்கூலி வகுக்கலாம் என்றும் இடம் வைத்திருக்கிறது. தரை என்றால் எல்லாரும் நிற்பது. ஒருவன் நிற்கும் தரை இன்னொருவனுக்குப் பள்ளம் என்றால் அது தரையா? பழைய கூலி தரைக்கூலியைவிட உயர்ந்திருந்தால் அதைக் குறைக்கக்கூடாது என்ற விதி அதிலே இருக்கிறது. அந்த ஒரு விதியையாவது தொழிலாளர்கள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.

சிறிய மனிதர் ஒருவர் கேட்கக்கூடும்: "ஐயா, நான் வியாசர்பாடியிலே கடன் வாங்கி அரை கிரவுண்டில் வீடு கட்டுகிறேன். கூலி உயர்ந்தால் என் கூரை நிற்குமா?" நியாயமான கேள்வி, அவர் நம் எதிரி அல்ல. நல்ல கொத்தனாருக்குச் சட்டக் கூலிக்கு மேலேயே அவர் இன்று கொடுக்கிறார். கை தேர்ந்த உள்ளூர்க் கொத்தனார் பேரம் பேசி வாங்கிக்கொள்கிறார். அவருக்குச் சட்டத்தின் துணை அவ்வளவாகத் தேவையில்லை. தேவைப்படுவது பேரம் பேச வாயில்லாத சித்தாளுக்கும் வெளி மாநிலக் கையாளுக்கும்தான். வீட்டுக்காரர் கொடுப்பதற்கும் அவர்கள் கைக்கு வருவதற்கும் நடுவிலே எவ்வளவு கரைகிறது என்று முதலில் கணக்குப் பார்ப்போம். அதற்கு மேலும் சிறிது கூடினால், கூடட்டும்! நூறாண்டு நிற்க வேண்டிய வீட்டுக்காக, அதைக் கட்டுபவள் ஒரு நாள் வயிறார உண்பது பெருஞ்செலவு ஆகாது.

பெரம்பூர் மறந்துவிடுமா?

இதே பெரம்பூரிலேதான் 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி அண்டு சி மில் தொழிலாளர்களுக்காக செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் முன்னின்றார்கள், பி.பி. வாடியா தலைமை தாங்கினார்; திரு.வி.க. தோள் கொடுத்தார். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாறு அதைப் போற்றுகிறது. அந்த மில் 1996-இல் மூடப்பட்டது; மில் நின்ற நிலத்திலே அடுக்குமாடிகள் எழுந்தன. மில்லுக்கு ஒரு வாயில் இருந்தது. வாயிலிலே கூடினார்கள், வாயிலிலே முழங்கினார்கள், வாயிலை அடைத்தார்கள். கட்டிடத் தொழிலாளிக்கு வாயில் ஏது? இன்று ஓட்டேரி, நாளை மாதவரம், மறுநாள் திருவொற்றியூர். கட்டிடம் முடிந்து வாயில் வைக்கும் நாளில் அவனுக்கு அங்கே வேலை முடிந்துவிடுகிறது! ஆகவேதான் மில் தொழிலாளி சங்கத்தால் பெற்றதை, இவனுக்குச் சட்டமும் சங்கமும் சேர்ந்து பெற்றுத் தர வேண்டியிருக்கிறது.

என்ன செய்ய வேண்டும்? நான்கு காரியம்.

ஒன்று: பொதுப் பணத்திலே நடக்கும் எந்தக் கட்டுமானமானாலும், அது ரயில்வே ஆகட்டும், துறைமுகம் ஆகட்டும், பெரம்பூர் மண்ணுக்கடியில் போகும் மெட்ரோ ஆகட்டும், மாநகராட்சிப் பள்ளி ஆகட்டும், மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல் இரண்டில் எது உயர்ந்ததோ அதுவே கூலி என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். ஒரு நகருக்குள் இரண்டு கூலி வேண்டாம்.

இரண்டு: நல வாரிய அட்டையிலே திறன் நிலையையும் பதிய வேண்டும். சைட்டிலேயே கரண்டியைக் கொடுத்து, சுவரைக் கட்டச் சொல்லி, பார்த்துச் சான்று தர வேண்டும். அந்தச் சான்று எந்த மேஸ்திரியிடம் போனாலும் செல்ல வேண்டும். பத்தாண்டு சட்டி தூக்கிய ஒவ்வொரு சித்தாளுக்கும் பயிற்சியும் தேர்வும் உரிமையாக வேண்டும். பயிற்சி நாட்களுக்குக் கூலியும் வேண்டும். கூலி இல்லாப் பயிற்சிக்கு அடுப்பெரியும் வீட்டிலிருந்து யார் வருவார்கள்?

மூன்று: ஒவ்வொரு சைட்டின் வாசலிலும் அன்றைய கூலிப் பட்டியல் தமிழிலும், இந்தி, தெலுங்கு, ஒடியா, வங்காளி, அசாமியிலும் எழுதித் தொங்க வேண்டும். யாருக்கு எவ்வளவு என்று தெரியாதவனைத்தான் ஏமாற்ற முடியும்.

நான்கு: கூலி கொடுத்ததற்குச் சான்று வராமல் ஒப்பந்தக்காரனின் கடைசிப் பில்லைப் பட்டுவாடா செய்யக்கூடாது. மேஸ்திரி பிடித்துக்கொண்டான் என்று ஒப்பந்தக்காரனும், ஒப்பந்தக்காரன் பிடித்துக்கொண்டான் என்று கம்பெனியும் கைகழுவ இடம் தரக்கூடாது.

இவற்றுள் எதற்கும் புது வேதம் வேண்டியதில்லை, மனம் வேண்டும். ஆட்சியிலே இருப்பவர் எவராயினும் இதைக் கேட்டுப் பெறும் சங்க வலிமையும் வேண்டும். உள்ளூர்க் கொத்தனார் வெளியூர்க் கையாளைத் தோழனாக எண்ணி அருகே அமர்த்திக்கொள்ளும் நாள்தான் அந்த வலிமையின் முதல் நாள். சித்தாளைச் சங்க மேடையில் பேச வைக்கும் நாள் இரண்டாம் நாள். மூன்றாம் நாள் கூலி தானே சமமாகும்!

ஊர் பார்த்துக் கொடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அனுபவம் பார்த்துக் கொடுங்கள், அதையும் வரவேற்கிறோம். ஆனால் முதலில் மனிதனைப் பார்த்து அடித்தளத்தைப் போடுங்கள். அதற்கு மேல் எத்தனை மாடி வேண்டுமானாலும் கட்டுங்கள்!